செர்ரி விறகின் இரண்டு விலை

காய்ந்த கருஞ்செர்ரி விறகு ஒரு கார்டின் (அமெரிக்க விறகு அளவு) எடை சுமார் 2,900 பவுண்டு, நம் கணக்கில் 1,315 கிலோ. அதை முழுதாக எரித்தால் கிடைக்கும் வெப்பம், பி.டி.யூ. என்ற வெப்ப அலகில், சுமார் 2 கோடி. மின்கட்டண அட்டையில் நாம் பார்க்கும் யூனிட்டாக மாற்றினால் 5,860 யூனிட். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் இந்த ஒரு கார்டை 300 டாலருக்கு வாங்குவதாக வைத்துக்கொண்டால் பவுண்டுக்கு 10 சென்ட் ஆகிறது. இதே மரத்தைக் கைப்பிடி அளவுத் துண்டுகளாக வெட்டி, 'இறைச்சிக்குப் புகையூட்ட' என்று பையில் அச்சிட்டுக் கடையில் வைத்தால் பவுண்டு 1.75 டாலருக்குப் போகிறது என்று கொள்வோம். அப்போது ஒரு கார்டின் விலை 5,075 டாலர். மரம் ஒன்று, விலை 17 மடங்கு.

வீட்டைச் சூடாக்கும்போது செர்ரிக்கு ஒரு விலை, இறைச்சிக்கு மணமூட்டும்போது இன்னொரு விலை. இரண்டு வேலைக்கும் ஒரே அடுக்கிலிருந்து விறகு எடுக்கும் குடும்பங்கள் அங்கே ஏராளம். எந்தக் கட்டை எந்த வேலைக்குப் போக வேண்டும் என்பதற்கு எண்களே தெளிவான பதில் சொல்கின்றன. விலைகள் ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு மாறும். கீழே வரும் விலைகளை நான் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை என்று வாசிக்க வேண்டும். எடை, வெப்பம், ஈரம் ஆகியவை மரத்தின் இயல்பு. அவை அவ்வளவாக மாறுவதில்லை.

முதலில் அளவு. கார்டு என்பது 4 அடி உயரம், 4 அடி அகலம், 8 அடி நீளத்துக்கு நெருக்கமாக அடுக்கிய விறகு. 128 கன அடி. இதில் மரம் மட்டும் 80 முதல் 90 கன அடிதான், மீதி இடுக்குகளில் நிற்கும் காற்று. 'ஃபேஸ் கார்டு' என்றும் ஒரு வழக்கு உண்டு. உயரமும் நீளமும் அதேதான், ஆனால் ஆழம் 16 அங்குலம், ஒரு கட்டையின் நீளம் மட்டும். அது 42.7 கன அடி, சரியாக மூன்றில் ஒரு பங்கு. தெரியாமல் ஃபேஸ் கார்டுக்கு முழுக் கார்டின் விலை கொடுத்தால் மேலே சொன்ன 10 சென்ட் 31 சென்ட் ஆகிவிடும். இதனால்தான் அமெரிக்காவின் மாதிரி எடையளவு விதிகள் விறகைக் கார்டாகவோ கார்டின் பின்னமாகவோ மட்டுமே விற்கச் சொல்கின்றன. ஃபேஸ் கார்டு, குவியல், லாரி லோடு போன்ற சொற்களை விலக்குகின்றன. அடுக்காமல் வண்டியில் அள்ளிக் கொட்டிய விறகுக்கு மெய்ன் மாநிலம் தனிக் கணக்கு வைத்திருக்கிறது. ஓரடி முதல் 16 அங்குல நீளக் கட்டைகள் என்றால் கொட்டிய நிலையில் 180 கன அடி இருந்தால்தான் ஒரு கார்டு.

இனி மரம். கருஞ்செர்ரி, தாவரவியலில் புரூனஸ் செரோட்டினா. பழத்துக்காகத் தோட்டத்தில் வளர்க்கும் செர்ரியின் உறவு, ஆனால் இது காட்டு மரம், ஓங்கி வளர்வது. இதன் தலைநகரம் பென்சில்வேனியாவின் வடமேற்கில் இருக்கும் அலெகெனி மேட்டுநிலம். அங்கே கேன் என்ற சிற்றூர் தன்னை உலகின் கருஞ்செர்ரித் தலைநகர் என்று அழைத்துக்கொள்கிறது. கடுங்குளிருக்குப் பெயர்போன ஊர் என்பதால் பென்சில்வேனியாவின் பனிப்பெட்டி என்ற பட்டமும் அதற்கு உண்டு. செர்ரியும் குளிரும் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பதால் இந்தக் கணக்கை அங்கே வைத்துப் போடுவதுதான் பொருத்தம்.

அங்கே செர்ரி இவ்வளவு மண்டியதற்கு மனிதனே காரணம். 1890 முதல் 1930 வரை ரயில் பாதை போட்டுக்கொண்டே போய் அந்தக் காட்டை மொட்டையடித்தார்கள். ஹெம்லாக் மரப்பட்டை தோல் பதனிடும் ஆலைகளுக்குப் போனது. பெரிய மரங்கள் அறுவை ஆலைகளுக்குப் போயின. மிச்சமிருந்த சிறுமரங்களைக்கூட மர ஆல்கஹாலும் கரியும் எடுக்கும் இரசாயன ஆலைகள் விடவில்லை. 1923-இல் அலெகெனி தேசிய வனம் அறிவிக்கப்பட்டபோது அது புதர்க்காடாகத்தான் இருந்தது. வெயிலை விரும்பும் செர்ரி அந்த வெட்டவெளியில் மற்ற மரங்களை முந்தி எழுந்தது. பிற மரக்கன்றுகளை விரும்பித் தின்னும் மான்கள் செர்ரிக் கன்றை அதிகம் தொடாததும் அதற்குச் சாதகமாயிற்று. இன்று 5 லட்சம் ஏக்கருக்கு மேல் பரந்த அந்த வனத்தில் நிற்கும் பெரிய செர்ரிகள் பெரும்பாலும் நூறு வயதை ஒட்டியவை.

நேராக வளர்ந்த செர்ரி அடிமரத்தை அங்கே யாரும் விறகாக்குவதில்லை. செந்நிறம் பாய்ந்த அந்த வைரக்கட்டை மேசை நாற்காலிக்கும் அலமாரிக்கும் வெனீர் தகட்டுக்கும் போகிறது. விறகுக்கு வருவது வெட்டிய மரத்தின் தலைப்பகுதி, கோணல் கிளைகள், பட்டை வண்டு துளைத்துப் பிசின் படிந்த துண்டுகள், காற்றில் சாய்ந்தவை. மரவேலைக்கு உதவாதவற்றின் மதிப்பைத்தான் இந்தக் கட்டுரை எண்ணுகிறது. மார்பு உயரத்தில் 12 அங்குல விட்டமுள்ள மரம் என்றால் ஒரு கார்டுக்குச் சுமார் 4 தேவைப்படும்.

வெப்பக் கணக்கில் செர்ரி நடுவரிசையில்தான் நிற்கிறது. ஒரு கார்டுக்குக் கருப்பு லோகஸ்ட் 2.79 கோடி பி.டி.யூ., ஹிக்கரி 2.77 கோடி, சிவப்பு ஓக் 2.46 கோடி, சர்க்கரை மேப்பிள் 2.4 கோடி. அதன் பிறகு செர்ரி 2 கோடி. செர்ரிக்குக் கீழே சிவப்பு மேப்பிள் 1.87 கோடி, வெள்ளைப் பைன் ஏறத்தாழ 1.5 கோடி. இந்த வேறுபாடு மரத்தின் குணத்தால் வருவது என்று பலர் நினைக்கிறார்கள். அடர்த்தியால்தான் வருகிறது. ஈரமே இல்லாமல் உலர்த்திய எந்த மரத்தையும் ஒரு பவுண்டு எரித்தால் ஏறத்தாழ 8,600 பி.டி.யூ.தான். ஹிக்கரியின் ஒப்படர்த்தி 0.72, சிவப்பு ஓக் 0.63, செர்ரி 0.50, வெள்ளைப் பைன் 0.35. விறகை எடைபோட்டு விற்றால் செர்ரிக்கும் ஓக்குக்கும் ஒரே விலை நியாயம். கன அளவில் விற்பதால்தான், ஒரே விலைக்கு ஓக் கிடைக்கும் இடத்தில் செர்ரி வாங்குபவர் ஐந்தில் ஒரு பங்கு வெப்பத்தை இழக்கிறார்.

அந்த இழப்பைச் செர்ரி வேறொரு வழியில் ஓரளவு ஈடுகட்டுகிறது. அது சீக்கிரம் காயும். பிளந்து, காற்றோட்டமாக அடுக்கி, மேலே மட்டும் மூடி வைத்தால் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் எரிக்கத் தகுந்த 20 சதவீத ஈரத்துக்கு வந்துவிடும். ஓக் இரண்டு ஆண்டு கேட்கும். சித்திரையில் பிளந்த செர்ரி அடுத்த குளிருக்குத் தயார். ஓக் வேண்டுமானால் அதற்கடுத்த குளிரையும் சேர்த்து இடமும் பொறுமையும் ஒதுக்க வேண்டும்.

பச்சைச் செர்ரி ஒரு கார்டு சுமார் 3,700 பவுண்டு. காய்ந்தால் 2,900. நடுவே போனது 800 பவுண்டு, 363 லிட்டர் தண்ணீர். பச்சை விறகை எரிப்பவர் இந்தத் தண்ணீரைத் தன் அடுப்பிலேயே ஆவியாக்குகிறார். ஒரு பவுண்டு நீரை ஆவியாக்கச் சுமார் 1,100 பி.டி.யூ. தேவை. ஆக 800 பவுண்டுக்கு 8.8 லட்சம். மொத்த வெப்பமான 2 கோடியில் இது 4.4 சதவீதம்தான். 'அவ்வளவுதானா' என்று தோன்றும். பச்சை விறகின் உண்மையான கேடு இந்த 4.4 சதவீதத்தில் இல்லை. ஈரம் அடுப்பின் சூட்டைக் கீழே இழுக்கிறது. மரத்திலிருந்து கிளம்பும் வாயுக்கள் எரியாமலே புகைபோக்கி வழியாகப் போகின்றன. எரிந்து தரவேண்டிய வெப்பம் வெளியே போவதோடு, அந்த வாயுக்கள் குளிர்ந்த புகைக்குழாயின் உட்சுவரில் கிரியோசோட் என்ற கருந்தாராகப் படிகின்றன. அது தீப்பிடித்தால் வீடே போய்விடும். படிவு எட்டில் ஓர் அங்குலம், அதாவது 3 மில்லிமீட்டர் ஆனதும் துடைக்க வேண்டும் என்பது புகைபோக்கி துப்புரவாளர்களின் அளவுகோல். ஆண்டுக்கு ஒருமுறையாவது பரிசோதிக்க வேண்டும்.

இப்போது ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 700 கேலன், அதாவது 2,650 லிட்டர் வெப்ப எண்ணெய் எரிக்கும் வீடு. ஒரு கேலனில் 1,38,500 பி.டி.யூ. கொதிகலனின் திறன் 85 சதவீதம் என்றால் வீட்டுக்குள் உண்மையில் வந்து சேரும் வெப்பம் 8.24 கோடி பி.டி.யூ. இதே வெப்பத்தைச் செர்ரியிலிருந்து பெற எத்தனை கார்டு வேண்டும்?

எந்த அடுப்பில் எரிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. 70 சதவீதத் திறனுள்ள புது இரும்பு அடுப்பில் ஒரு கார்டு 1.4 கோடி பி.டி.யூ. தரும், 5.9 கார்டு போதும். 54 சதவீதம் தரும் பழைய அடுப்பில் 7.6 கார்டு வேண்டும். சுவரோடு கட்டிய திறந்த கணப்பில், பத்து சதவீதம் மட்டுமே அறைக்குத் தங்கும் என்ற கணக்கில், 41 கார்டு. அதன் எடை 54 டன். பண்டிகை இரவுகளில் திறந்த கணப்பைச் சுற்றி உட்கார்வதற்கு நான் எதிரியில்லை. ஆனால் அதை வீட்டைச் சூடாக்கும் வழி என்று யாராவது சொன்னால் இந்த 54 டன்னைச் சொல்லுங்கள். அறையிலிருக்கும் சூடான காற்றையே அது உறிஞ்சி வெளியே அனுப்பிக்கொண்டிருக்கும்.

புது அடுப்பிலேயே மற்ற மரங்களுக்கு ஹிக்கரி 4.25 கார்டு, சிவப்பு ஓக் 4.8 கார்டு, வெள்ளைப் பைன் 7.8 கார்டு.

ஒரு குளிர்காலத்துக்கான எரிபொருள் செலவை அடுத்தடுத்து எழுதிப் பார்க்கலாம். வீட்டுக்குள் வர வேண்டியது எல்லாவற்றிலும் அதே 8.24 கோடி பி.டி.யூ.

வெப்ப எண்ணெய்: 700 கேலன், கேலன் 3.75 டாலர் — 2,625 டாலர்
புரொப்பேன்: 1,000 கேலன், கேலன் 2.80 டாலர் — 2,800 டாலர்
சாதாரண மின் ஹீட்டர்: 24,150 யூனிட், யூனிட் 18 சென்ட் — 4,347 டாலர்
ஹீட் பம்ப், ஒன்றுக்கு இரண்டரை மடங்கு: 9,660 யூனிட் — 1,739 டாலர்
குழாய் எரிவாயு, 90 சதவீதத் திறன்: 916 தெர்ம், தெர்ம் 1.30 டாலர் — 1,190 டாலர்
செர்ரி விறகு: 5.9 கார்டு, கார்டு 300 டாலர் — 1,770 டாலர்
சிவப்பு ஓக், அதே விலையில்: 4.8 கார்டு — 1,440 டாலர்

விலை கொடுத்து வாங்கும் செர்ரி எண்ணெயையும் புரொப்பேனையும் வெல்கிறது. எரிவாயுவிடம் தோற்கிறது. ஹீட் பம்ப்போடு சமநிலையில் நிற்கிறது. எரிவாயுக் குழாய் வாசலுக்கு வரும் ஊரில் விறகு வாங்கி வீட்டைச் சூடாக்குவதற்குப் பணக் கணக்கில் நியாயமே இல்லை. காட்டோரம் இருக்கும் பல வீடுகளுக்குக் குழாய் வருவதில்லை. அங்கேதான் இந்தப் போட்டி.

இந்தக் கணக்கில் இன்னும் அடுப்பின் விலையைச் சேர்க்கவில்லை. புகைக்குழாய் உட்பட 5,000 டாலர் செலவு, 15 ஆண்டு உழைப்பு என்றால் ஆண்டுக்கு 333 டாலர். புகைபோக்கி துடைக்க 200. ஆக வாங்கிய செர்ரியின் முழுச் செலவு 2,303 டாலர். எண்ணெயோடு ஒப்பிட்டால் மிச்சம் 322 டாலர் மட்டுமே. ஒரு குளிர்காலம் முழுக்க ஏறத்தாழ 7,760 கிலோ விறகை உள்ளே தூக்கி வந்து, 40 முதல் 75 கிலோ வரை சாம்பலை வெளியே அள்ளிக் கொட்டுவதற்கு இந்த 322 டாலர் கூலி மிகக் குறைவு.

தானே வெட்டுபவருக்குக் கணக்கு மாறுகிறது. வனத்துறையிடம் அனுமதிச் சீட்டு வாங்கி விழுந்து கிடக்கும் மரத்தை அறுப்பவருக்குச் சீட்டு, பெட்ரோல், சங்கிலி, எண்ணெய் எல்லாம் சேர்த்துக் கார்டுக்கு 60 டாலர் என்று வைத்தால் 5.9 கார்டுக்கு 354 டாலர். அடுப்புச் செலவையும் கூட்டினால் 887. எண்ணெயைவிட 1,738 டாலர் மிச்சம். அறுத்து, ஏற்றி, பிளந்து, அடுக்கக் கார்டுக்குப் பத்து மணி நேரம் என்றால் மொத்தம் 59 மணி. விறகை வாங்காமல் வெட்டியதால் மட்டும் மணிக்கு 24 டாலர் தேறுகிறது. விறகு லாபம் என்று கிராமத்தார் சொல்லும்போது அவர்கள் தங்கள் உடலுழைப்பைத்தான் பணமாக்கிக்கொள்கிறார்கள். அது மதிக்கத்தக்க வருமானம். சங்கிலி ரம்பத்தோடு வேலை என்பதால் கால் கவசமும் தலைக்கவசமும் அந்தச் செலவில் கட்டாயம் இருக்க வேண்டும்.

சொந்தமாக நிலம் வைத்திருப்பவருக்கு இன்னொரு எண் பயன்படும். நன்கு பராமரித்த கலப்புக் காடு ஏக்கருக்கு ஆண்டுக்கு அரைக் கார்டு வளரும் என்பது அங்குள்ள வழக்கமான மதிப்பீடு. 5.9 கார்டு வேண்டுமென்றால் 12 ஏக்கர். அதற்குக் குறைவான நிலத்திலிருந்து ஆண்டுதோறும் அத்தனையும் எடுத்தால் காட்டின் முதலையே கரைக்கிறோம்.

பக்கத்து வீட்டாரின் நுரையீரலையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1988-இல் விறகடுப்புகளுக்கு முதல் வரம்பு கொண்டுவந்தது. 2020 மே 15 முதல் புது அடுப்பு மணிக்கு 2 கிராமுக்கு மேல் துகள் விடக்கூடாது. உண்மையான விறகுக் கட்டை கொண்டு சோதித்தால் 2.5 கிராம். இவை சோதனைக்கூட அளவுகள். வீடுகளில் எரிவதற்கு அதே முகமை வைத்திருந்த பழைய உமிழ்வு மதிப்பு, சான்றில்லாத அடுப்புக்குக் கிலோ விறகுக்கு 15.3 கிராம், 1990-களின் சான்று பெற்ற அடுப்புக்கு 7.3 கிராம். நம் வீட்டுக்குப் போட்டால், பழைய அடுப்பு 7.6 கார்டை எரித்து ஒரு குளிரில் சுமார் 153 கிலோ துகளை ஊர்க் காற்றில் கலக்கிறது. சான்று பெற்றது 57 கிலோ. அடுப்பு மாற்றினால் விறகும் 1.7 கார்டு குறைகிறது, அதாவது 510 டாலர். 5,000 டாலர் அடுப்பு பத்தே ஆண்டுகளில் தன் விலையைத் திருப்பித் தந்துவிடும். பழைய அடுப்பைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் காரணம் தென்படவில்லை.

இனி இறைச்சி. செர்ரி தன் மதிப்பைக் காட்டுவது இங்கேதான்.

மரப்புகையின் மணம் லிக்னின் என்ற பொருள் சிதைவதால் பிறக்கிறது. குவாயக்கால், சிரிங்கால் என்ற இரண்டும் அதில் முக்கியம். அகன்ற இலை மரங்களில் சிரிங்கால் மிகுதி, பைன் வகைகளில் அது பெரும்பாலும் இல்லை. பைனில் பிசினும் அதிகம் என்பதால் பொதுவாக அதில் இறைச்சியைப் புகையூட்டுவதில்லை. நிறம் வேறு வழியில் வருகிறது. மரத்தின் செல்லுலோஸும் அதைச் சேர்ந்தவையும் சிதைந்து வெளிவரும் கார்போனைல்கள் இறைச்சியின் புரதத்தோடு வினைபுரிந்து மேற்பரப்பைச் சிவக்க வைக்கின்றன. செர்ரியின் புகை ஹிக்கரி, மெஸ்கீட் அளவுக்குக் காரமில்லாதது. ஆனால் கருஞ்சிவப்பு நிறம் கொடுப்பதில் அதற்கு இணை இல்லை என்று பார்பிக்யூ செய்பவர்கள் அடித்துச் சொல்வார்கள். வெட்டினால் ஓரத்தில் தெரியும் இளஞ்சிவப்பு வளையம் இதனோடு சம்பந்தப்பட்டதல்ல. புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் தசையின் மயோகுளோபினைப் பிடித்துக்கொள்வதால் அது உண்டாகிறது. இறைச்சி 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் வளையம் வளர்வது நின்றுவிடும்.

8 பவுண்டு, அதாவது 3.6 கிலோ பன்றித் தோள்கறியை எடுத்துக்கொள்வோம். பவுண்டு 2.50 என்றால் 20 டாலர். 107 முதல் 120 டிகிரி வெப்பத்தில் பத்து பன்னிரண்டு மணி நேரம் கரியடுப்பில் வைத்து, உள்வெப்பம் 95 டிகிரியை எட்டும்போது நார் நாராகப் பிய்ந்து வரும். நடுவே 65 முதல் 75 டிகிரிக்குள் வெப்பம் ஏறாமல் மணிக்கணக்கில் நிற்கும். மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாகிக் குளிர்விப்பதே காரணம். கொழுப்பும் நீரும் எலும்பும் போக மிஞ்சுவது 55 சதவீதம், 4.4 பவுண்டு. கரி 12 பவுண்டு, 12 டாலர். செர்ரித் துண்டு நான்கைந்து, மொத்தம் ஒரு பவுண்டு, கடை விலையில் 1.75 டாலர். கூட்டினால் 33.75, வெந்த கறி பவுண்டு 7.67 டாலர். அந்த ஒரு பவுண்டு செர்ரியைச் சொந்த அடுக்கிலிருந்து எடுத்தால் 7.30. கரியடுப்பு வைத்திருப்பவருக்கு மரத்தின் விலை மொத்தச் செலவில் 5 சதவீதம்தான்.

கரியே இல்லாமல் முழு விறகிலேயே சமைக்கும் பெரிய புகையடுப்பு வேறு உலகம். ஒரு பக்கம் தீப்பெட்டி, மறுபக்கம் இறைச்சி அறை. அரை மணியிலிருந்து முக்கால் மணிக்கு ஒருமுறை இரண்டு மூன்று பவுண்டுக் கட்டை ஒன்று உள்ளே போகும். 12 மணி நேரத்துக்கு ஏறத்தாழ 50 பவுண்டு. நான்கு தோள்கறி, 32 பவுண்டு, 80 டாலர் என்று வைத்தால் வெந்து வருவது 17.6 பவுண்டு. விறகைக் கார்டு விலையில் கணக்கிட்டால் 5.15 டாலர், கறி பவுண்டு 4.84. அதே விறகைப் பையில் வாங்கினால் 87.50 டாலர், கறி பவுண்டு 9.52. இறைச்சியைவிட விறகுக்கு அதிகம் கொடுத்த நிலை. இந்த அடுப்பு வைத்திருப்பவர் பையில் விறகு வாங்கவே கூடாது.

கடையில் விற்கும் சிறாய்ப் பைகளில் 192 கன அங்குலம் என்று அச்சிட்டது பரவலான ஓர் அளவு. கேட்க நிறைய போலத் தோன்றும். ஒரு கன அடியில் 1,728 கன அங்குலம். ஆக அந்தப் பை ஒன்பதில் ஒரு கன அடி. 128 கன அடிக் கார்டை நிரப்ப 1,152 பைகள் வேண்டும். பெரிய எண்ணைச் சிறிய அலகில் சொல்வது விற்பனைத் தந்திரம். வாங்குபவர் எடையைப் பார்க்க வேண்டும்.

வாரம் ஒருமுறை கரியடுப்பு மூட்டும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 52 பவுண்டு செர்ரி போதும். விறகு அடுக்கில் அது இரண்டே கால் கன அடி இடம். அதை வீட்டடுப்பில் போட்டிருந்தால் 2.5 லட்சம் பி.டி.யூ. கிடைத்திருக்கும், 2.1 கேலன் எண்ணெய், 8 டாலர். புகையூட்ட ஒதுக்கினால் மிச்சமாகும் கடை விலை 91 டாலர். பெரிய புகையடுப்பில் ஆண்டுக்கு இருபது முறை சமைப்பவருக்கு 1,000 பவுண்டு, ஏறத்தாழ மூன்றில் ஒரு கார்டு. அதன் வெப்ப மதிப்பு 154 டாலர், கடை விலை 1,750 டாலர்.

எல்லாக் கட்டையும் இதற்கு உதவாது. பச்சையாக இருந்தால் புகை கசக்கும். பூஞ்சணம் பிடித்தது, மக்கியது, வண்ணம் பூசியது, மருந்தடித்த பலகை எல்லாம் விலக்க வேண்டும். மூன்று நான்கு அங்குலக் கனமுள்ள கிளைக்கட்டையே துண்டு போட வாகானது. கிளையைக் கழிக்கும்போது இலையை ஆடு மாடு மேயும் இடத்தில் போடக்கூடாது. வாடிய செர்ரி இலையில் சயனைடு உண்டாகி கால்நடையைக் கொல்லும்.

உடல்நலப் பத்தியையும் எழுதாமல் விடமுடியாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்தது. புகையூட்டல் அதன் வரையறைக்குள் வருகிறது. தினம் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்று மதிப்பிட்டது. புகைத்த இறைச்சியில் பென்சோபைரீன் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம் இருக்கலாம் என்றிருந்த ஐரோப்பிய வரம்பு 2014 செப்டம்பரிலிருந்து 2 ஆகக் குறைந்தது. தீ நன்றாகப் பிடித்து மெல்லிய நீலப் புகை வரும்போதுதான் கறியை வைக்க வேண்டும். அடர்ந்த வெள்ளைப் புகை அரைகுறையாக எரிவதன் அடையாளம்; அதில் கசப்பும் அதிகம். மாதத்தில் ஓரிரு நாள் விருந்து உணவாக வைத்துக்கொள்வது நல்லது. கோழி 74 டிகிரியும், முழுத்துண்டு மாட்டுக்கறி பன்றிக்கறி 63 டிகிரியும் உள்ளே எட்டியாக வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் பரிந்துரை. நிறத்தை நம்பாமல் வெப்பமானி குத்திப் பார்க்க வேண்டும், ஏனென்றால் செர்ரி வேகாத கறியையும் வெந்தது போலச் சிவக்க வைத்துவிடும்.

விறகைத் தொலைவுக்கு ஏற்றிப் போகலாமா? கூடாது. 2002-இல் டெட்ராய்ட் அருகே கண்டுபிடிக்கப்பட்ட மரகத ஆஷ் வண்டு 2007-இல் பென்சில்வேனியாவை எட்டியது. ஊர்விட்டு ஊர் போன விறகு அதற்குப் பெரிய வாகனமாக இருந்தது. எல்லைக்கு அப்பால் நியூயார்க் மாநிலத்தில், பதப்படுத்தாத விறகை 50 மைலுக்கு, அதாவது 80 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோகத் தடை உண்டு. அதற்கு மேல் போக வேண்டுமானால் கட்டையின் உள்மையம் 71 டிகிரியில் 75 நிமிடம் சூடாகியிருக்க வேண்டும்.

செர்ரி வாங்கப்போகிறவருக்கு என் தீர்ப்பு இது. வண்டி வந்ததும் அடுக்கச் சொல்லி நாடா பிடித்து அளந்து, 128 கன அடிக்கு மட்டும் பணம் கொடுங்கள். கிளைக்கட்டைகளில் உங்கள் புகையடுப்புக்குத் தேவையான அளவை, அது 52 பவுண்டோ 1,000 பவுண்டோ, முதலிலேயே பிரித்துத் தனியாக மூடி வையுங்கள். மீதிச் செர்ரியை அக்டோபரிலும் ஏப்ரலிலும், வீட்டுக்குச் சிறிது சூடு போதும் என்ற நாட்களில் எரியுங்கள். ஜனவரி இரவுகளில் விடியும்வரை கங்கு தங்க வேண்டுமென்றால் அதற்கு ஓக்கோ ஹிக்கரியோ லோகஸ்டோ வாங்குங்கள். அதே 300 டாலருக்கு அவை 23 முதல் 40 சதவீதம் கூடுதல் வெப்பம் தருகின்றன.